மருந்தோடு சீட்டும் போகட்டும்

ஆந்திராவில் எங்கள் ஊரான பாகாலாவின் பஜாரில் ஒரு தலைவலி மாத்திரை வாங்க அரை நிமிஷம் போதும். "அண்ணா, தலைவலிக்கு ரெண்டு" என்றால் கடைக்காரர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டை மட்டும் வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். கவர் மேலே பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. டாக்டர் சீட்டு கேட்கிற வழக்கம் இல்லை. பில் போடுகிற வழக்கமும் இல்லை. இருமல் சிரப், மூட்டுவலி மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, பல சமயம் ஆன்டிபயாடிக் வரைக்கும் இப்படித்தான்.

இதைப் பழித்துப் பேச எனக்கு மனசு வராது. தாமலசெருவு மாங்காய் மண்டியில் கூடை தூக்குகிறவருக்குக் காய்ச்சல் வந்தால், திருப்பதிக்கோ சித்தூருக்கோ போய் டாக்டரைப் பார்க்க ஒருநாள் கூலி போய்விடும். பஸ் சார்ஜும் டாக்டர் ஃபீஸும் தனி. அவருக்கு மெடிக்கல் ஷாப்காரர்தான் முதல் டாக்டர். நாங்கள் ரயில்வே குடும்பம். அப்பா பாகாலா ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேன். ராத்திரி டியூட்டி முடிந்து முதுகுவலியோடு வரும்போது அதே பஜாரில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார். அந்த வசதியின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் இதே பழக்கம் நம்மோடு விமானமும் ஏறுகிறது. ஷார்ஜாவில் பல வருஷம் கணக்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால், யாராவது கல்ஃபுக்குப் போகிறார்கள் என்றால் பெட்டி கட்டும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். "அக்கா, இதெல்லாம் கொண்டுபோலாமா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." பெரும்பாலும் ஊறுகாயைப் பற்றித்தான் கேட்பார்கள். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது மாத்திரைதானே என்ற நினைப்பு.

நம் பக்கத்து ஜனங்கள் எப்படிப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடப்பா, ராஜம்பேட்டை, ராயசோட்டி, பீலேர், மதனப்பள்ளி என்று ராயலசீமா முழுக்க குவைத்துக்குப் போன வீடுகள் உண்டு. ஆண்கள் டிரைவராக, சமையற்காரராக. பெண்கள் வீட்டு வேலைக்கு. பாகாலாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் காட்பாடி வழியாகச் சென்னை போய் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவார்கள். பெட்டியில் துணிக்குச் சமமாக மருந்து இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே லீவு கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது கஷ்டம். செலவும் கூடியிருக்கிறது: 2022 டிசம்பரிலிருந்து குவைத் அரசு, வெளிநாட்டவர்கள் சாதாரண கிளினிக்கில் மருந்து வாங்க 5 தினாரும், ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் வாங்க 10 தினாரும் கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டது. 5 தினார் என்பது நம் ரூபாயில் ஆயிரத்துக்கு மேலே. வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண், காய்ச்சல் மாத்திரைக்காக அதைச் செலவழிக்க மாட்டாள். ஊரிலிருந்தே கொண்டுபோவாள். இது நியாயமான கணக்குதான். மருந்து கொண்டுபோகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் முதல் தடவையாகக் குவைத்துக்குப் புறப்பட்டாள். பேர் வேண்டாம். கட்டில் மேலே எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, ஒரு பொட்டலம் கசகசா. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் மருந்துகள். காகிதக் கவரில் பேர் தெரியாத வெள்ளை மாத்திரைகள் கொஞ்சம். வெளி அட்டைப்பெட்டி இல்லாத இருமல் சிரப். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்குத் தருகிற நரம்பு மாத்திரை இரண்டு அட்டை. அப்புறம் இடுப்புவலிக்கு வாங்கிய மாத்திரை, வெட்டிய துண்டு.

அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கத்தரி விழுந்த இடத்தில் பேர் போய்விட்டது. தயாரித்த கம்பெனி, காலாவதி மாசம் எதுவும் இல்லை. ஓரத்தில் 37.5 மி.கி. என்ற எண்ணும், அதற்குக் கீழே 325 மி.கி. என்ற எண்ணும் மட்டும் தப்பியிருந்தன. 325 பாராசிட்டமால். அதோடு சேர்ந்து வருகிற 37.5 என்றால் டிரமடால்தான். கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம், அதேதான்.

டிரமடால் ஓபியம் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி. நம் நாட்டிலேயே 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் ஹெச்-1 பட்டியலிலும் அது இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் டாக்டர் பேர், நோயாளி பேர், எவ்வளவு கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நம் பஜாரில் அது இடுப்புவலி மாத்திரையாகக் காகிதக் கவரில் வந்துவிடுகிறது. 2017-இல் ஒரு பிரிட்டிஷ் பெண், தன் துணைவரின் முதுகுவலிக்கு என்று 290 டிரமடால் மாத்திரைகளை எகிப்துக்குக் கொண்டுபோனார். விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். 3 வருஷம் சிறைத் தண்டனை. 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். பிரிட்டனிலிருந்து போனவர், உலகத்தின் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பற்றி எழுதின, அப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் சிறை. பாகாலாவிலிருந்து போகிற பெண்ணுக்காக எந்தப் பத்திரிகை எழுதும்?

இடுப்புவலி மாத்திரையை விட எனக்குப் பயமாக இருந்தது அந்த நரம்பு மாத்திரை. அதில் இருப்பது பிரெகாபலினும் மெத்தில்கோபாலமினும். இரண்டாவது வெறும் வைட்டமின் வகை. முதலாவதுதான் விவகாரம். நம் ஊரில் சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீடுகளில் இந்த மாத்திரை சாதாரணம். ராத்திரி கால் எரிகிறது என்றால் டாக்டர்கள் எழுதுவதே இதைத்தான். வளைகுடா நாடுகளில் இதைப் போதைக்காகத் தின்கிறவர்கள் பெருகிவிட்டதால், அங்கே அதைப் போதை மருந்தைப் பார்க்கிற கண்ணோடு பார்க்கிறார்கள். கத்தாரில் உள்ள இந்தியத் தூதரகம் நம் ஆட்களை எச்சரித்து வெளியிட்ட பட்டியலில் டிரமடால், கோடீன், அல்பிரசோலம், டயஸிபாம், குளோனசிபாம், சோல்பிடம் இவற்றோடு பிரெகாபலினும் இருக்கிறது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை என்றால் நம் ஆட்களுக்கே கொஞ்சம் தயக்கம் வரும். நரம்பு மாத்திரை என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்த இரண்டு அட்டையும் அவளுக்கானதே இல்லை. ஏற்கெனவே குவைத்தில் இருக்கிற அவளுடைய சின்னம்மா, "வரும்போது வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கிறார். நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன இடம் இது. அதே தூதரக எச்சரிக்கையில் இதையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: நண்பர்களுக்கோ உறவினருக்கோ மருந்து எடுத்து வராதீர்கள். சீட்டில் இருக்கிற பேரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரும் ஒன்றாக இல்லையென்றால் அங்கே நம் விளக்கத்துக்கு மதிப்பில்லை.

உறவுக்காரர் தந்த பொட்டலம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு மும்பைத் தம்பதியின் வழக்கு இருக்கிறது. மருந்து வழக்கு இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் கத்தார் போனார்கள். பயணத்துக்கு ஏற்பாடு செய்த அத்தை, அங்கே ஒருவரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் பிரித்தால் உள்ளே 4 கிலோ ஹஷீஷ். 10 வருஷம் தண்டனை. மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் என்று நிரூபித்து 2021-இல்தான் விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தார்கள். மாத்திரை விஷயத்தில் உறவுக்காரருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் கவுன்டரில் நிற்கிற அதிகாரிக்கு நல்ல சின்னம்மா, கெட்ட அத்தை என்று வித்தியாசம் எப்படித் தெரியும்?

கசகசாவையும் வெளியே எடுத்து வைத்துவிட்டோம். குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். ஓபியம் செடியின் விதை என்பதால் அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. குவைத்துக்கும் அந்த ஆபத்து வேண்டாம் என்று முந்திரியைக் கொடுத்தேன். குருமா கெட்டுப்போகாது.

சின்னம்மாவுக்கு வருத்தம். வாட்ஸாப்பில் கூப்பிட்டார். "ஏம்மா, ரெண்டு அட்டை மாத்திரைக்கா இவ்ளோ? நான் வரும்போது எடுத்துட்டுதான் வந்தேன், யாரும் கேக்கலையே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எப்போதும் கஷ்டம். ஆயிரம் பேர் எந்தச் சோதனையும் இல்லாமல் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. பிடிபடுகிற ஒருவருக்கு அந்த ஆயிரம் பேரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். "சின்னம்மா, அவ முதல் தடவை போறா. ஏர்போர்ட்ல அரபில கேட்டா அவளால என்ன சொல்ல முடியும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நான் இங்கயே டாக்டரப் பாத்துக்கறேன்" என்றார்.

ஷார்ஜா போன புதிதில் எனக்கும் அங்குள்ள கட்டுப்பாடுகள் மேல் கோபம் இருந்தது. ஜலதோஷத்துக்கு நாம் பழகிய ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார் மருந்துக்கடையில் இருந்த மலையாளிப் பெண். பாராசிட்டமாலைக் கொடுத்து, மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். சரியாகத்தான் போனது. அவர் செய்ததுதான் ஒரு மருந்தாளுநர் செய்ய வேண்டிய வேலை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு பயம், ஒவ்வொரு காயம். பிரிட்டனில் சாதாரண பாராசிட்டமாலுக்கே கட்டுப்பாடு உண்டு. 1998 செப்டம்பரிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் 16 மாத்திரை பாக்கெட்தான், மருந்துக்கடையில் 32. கடைகளில் ஒரே தடவையில் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் தருவதில்லை. என் தம்பி மகள் அங்கே படிக்கப் போனபோது, "அத்தை, இங்க மாத்திரைக்கே ரேஷன்" என்று சொன்னாள். காரணம் தெரிந்தால் அந்த ரேஷன் மேல் மரியாதை வரும். மனசு உடைந்துபோன ஒரு நேரத்தில், வீட்டு அலமாரியில் கைக்கு எட்டுகிற மாத்திரையால் உயிரை விட்டவர்கள் அங்கே ஏராளம். கையில் கிடைக்கிற அளவைக் குறைத்தால் அந்த நேரம் கடந்துபோகும், உயிர் தப்பும் என்று நம்பித்தான் சட்டம் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சட்டத்துக்குப் பிந்தைய 11 வருஷத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமால் மரணங்கள் 43 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. பாக்கெட்டின் அளவைக் குறைத்ததற்கு இவ்வளவு பலன். இன்னொரு தடவை கடைக்குப் போகிற சிரமம் ஒரு பெரிய விஷயமா?

அமெரிக்காவில் கதை வேறு. மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கிற சூடோஎஃபெட்ரின் என்ற மருந்தை வைத்து மெத்தாம்பெட்டமைன் காய்ச்சினார்கள். 2006-இல் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு அந்த மாத்திரை கவுன்டருக்குப் பின்னால் போய்விட்டது. அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஒருநாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரி 1 முதல் கோடீன் கலந்த எந்த மாத்திரையும் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

ஜப்பானைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மாவட்டத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இசுசு, டைகின், கோபெல்கோ என்று ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் ஜப்பானுக்கு வேலைக்கோ பயிற்சிக்கோ போகிற காலம் இது. அங்கே சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிற ஜலதோஷ மாத்திரை கொண்டுபோகவே கூடாது. மற்றபடி டாக்டர் எழுதிய மருந்து என்றால் ஒரு மாசத்துக்கு, கடையில் வாங்குகிற சாதாரண மருந்து என்றால் இரண்டு மாசத்துக்கு. அதற்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். 2015-இல் டொயோட்டாவின் உயர் அதிகாரியாக இருந்த ஜூலி ஹாம்ப் என்ற அமெரிக்கப் பெண்மணியே, பார்சலில் வந்த ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைக்காக டோக்கியோவில் கைதானார்; பதவியும் போனது. அவ்வளவு பெரிய பதவியே காப்பாற்றவில்லை.

நம் ஊர் வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. அது டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், தப்பு தயாரிப்பில். ஆனாலும் எனக்கு அதில் உறுத்துகிற விஷயம் இதுதான்: வெளிப்பெட்டியும் பேட்ச் எண்ணும் பில்லும் இல்லாமல் வாங்கிய சிரப் என்றால், திரும்பக் கொடுங்கள் என்று அரசு அறிவிக்கும்போது நம் வீட்டு பாட்டில் அதுதானா என்று எப்படித் தெரியும்? பாகாலாவில் எத்தனை வீட்டு அலமாரியில் லேபிள் அழிந்த பாட்டில் நிற்கிறது!

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். எங்கள் பக்கம் ஆர்.எம்.பி. என்று சொல்லப்படுகிற, டாக்டர் படிப்பு இல்லாத வைத்தியர்கள்தான் ஊசி போட்டு மாத்திரை கொடுப்பது வழக்கம். அவர்கள் தருகிற துண்டுச் சீட்டு வெளிநாட்டில் செல்லாது. பதிவு எண் உள்ள டாக்டர், லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். நோயாளி பேர் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துகளிலேயே இருக்க வேண்டும். மருந்தின் பேர் கம்பெனி வைத்த பேராக இல்லாமல், உள்ளே இருக்கிற மருந்தின் பேராக இருக்கட்டும். குவைத்திலோ தோஹாவிலோ நம் கம்பெனிப் பேர் யாருக்கும் தெரியாது. இந்தப் பேரைக் கண்டுபிடிப்பது இப்போது சுலபம். 2018 செப்டம்பரிலிருந்து அட்டையில் மருந்தின் பேரைக் கம்பெனிப் பேரைவிடப் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. திருப்பதி ஸ்விம்ஸ், ருயா, வேலூர் சி.எம்.சி. என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அவளுக்கு டிரமடால் இல்லாத வலி மாத்திரை எழுதினார். முழு அட்டையாக வாங்கினோம். கத்தரி வைக்காதீர்கள் என்று கடைக்காரரிடம் சொன்னபோது அவர் காரணம் கேட்டார். சொன்னோம். அவருக்கே அது புதுச் செய்தி. அவள் பேரில் பில் போட்டார். பிறகு தானாகவே, "குவைத் போறவங்க வந்தா நான் இனி சொல்றேன்மா" என்றார். அவரைப் போன்றவர்கள் நினைத்தால் எந்த அரசு அறிவிப்பையும்விட வேகமாகச் செய்தி பரவும் என்று அப்போதுதான் தோன்றியது. பாகாலாவிலும் பீலேரிலும் ராயசோட்டியிலும் ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பிலும், "வெளிநாடு போகிறீர்களா? சொல்லுங்கள்" என்று தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு அட்டை தொங்கினால் போதும்.

ஏஜென்டுகளிடம் எனக்குக் கோபம் உண்டு. மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் காசு வாங்கத் தெரிகிறது, விசா ஸ்டாம்பிங்குக்குக் காசு வாங்கத் தெரிகிறது; பெட்டியில் என்ன மருந்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. வெளியுறவு அமைச்சகம் 2018 முதல், கல்ஃப் மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறது. அதில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டும். வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் மாத்திரைக் கவரோடு வரட்டும், பயிற்சியாளர் பிரித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். மெட்ஃபார்மின், அம்லோடிபின், தைராக்ஸின் எதுவும் இந்தக் கட்டுப்பாட்டு வகையில் வருவதில்லை. சீட்டோடு தேவையான அளவு கொண்டுபோங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டர் கடிதத்தோடு கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்துபோகலாம். நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள். அமீரகத்துக்கு இணையத்தில் முன் அனுமதி வாங்கலாம். சவூதியும் 2025 நவம்பர் 1 முதல் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு அப்படி ஒரு இணைய அனுமதி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. கத்தாரில் சீட்டோடு 30 நாள் மருந்துதான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் தூதரகத்தின் பக்கத்தைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ பயந்து நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்தோ கடிதமோ வாங்குங்கள்.

இறங்கிய பிறகு சந்தேகம் வந்தால், சுங்கச் சோதனையில், அறிவிக்க எதுவும் இல்லை என்கிற பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழியில் போய் மருந்தையும் சீட்டையும் நீங்களே எடுத்து அதிகாரி முன்னால் வையுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேண்டாம் என்றால் பெரும்பாலும் மருந்தை எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள், நீங்கள் வேலைக்குப் போய்ச் சேரலாம்.